எது ஏராளம்

காப்பியஸ். அப்படித்தான் சொன்னார். என் காதில் பிசகில்லை. இந்த உடம்பில் மற்றதெல்லாம் மக்கர் பண்ணும், காது மட்டும் ஒழுங்கு. பந்தி முழுக்கப் பேச்சுச் சத்தமாக இருக்கும்போது கடைசி வரிசையில் ஒருத்தன் ரசம் காணவில்லை என்று முனகினால் அடுப்பங்கரையில் கரண்டியோடு நிற்கிற எனக்குக் கேட்கும். பெரிய டாக்டர் வாசலைத் தாண்டிப் போகும்போது சொன்னார், பின்னால் வந்த சின்ன டாக்டர் பிள்ளை, காப்பியஸ் சார் என்று அதையே வாங்கித் திருப்பிச் சொன்னது, அதற்கு முன்னால் சொர்ணலதா என்று என் மகள் பெயர் வந்தது, நன்றாக வந்தது, பிறகு என்ன வந்தது என்பதைத்தான் மருந்துத் தட்டு வண்டி ஒன்று கடகடவென்று வந்து அமுக்கிவிட்டது. அந்த வண்டிக்காரன் கொஞ்சம் பிந்தி வந்திருக்கக் கூடாதா. நேற்று என் இடது விலாவுக்குக் கீழேயிருந்து ஒரு கிட்னியை எடுத்து அவளுக்குள் வைத்திருக்கிறார்கள். அது அங்கே போய் வேலை செய்கிறதா இல்லை சும்மா கிடக்கிறதா, எனக்கு இப்போது அது ஒன்று தெரிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம், இந்தத் தையல் வலியைக்கூட யாரும் குறைக்க வேண்டாம். கேட்டதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது இந்த ஒற்றைச் சொல். வாலில்லாத சொல். காப்பியஸ். இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, வேகாத கிழங்கு மாதிரி இருக்கிறது, எந்தப் பக்கம் குத்தினாலும் இறங்க மாட்டேன் என்கிறது.

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வாசல் நிலை அளவுக்குத்தான் தெரிந்தது, ஒரு பக்கத்துக் கன்னமும் மூக்குக் கண்ணாடியும். சிரிக்கவில்லை. ஆனால் அந்த மனுசன் எதற்குச் சிரித்தார், ஆபரேசனுக்கு முந்தின நாள் வந்து, தவசுப்பிள்ளை, எங்கள் பக்கத்தில் சமையல்காரனுக்கு அதுதான் பெயர், உங்க கிட்னி நல்ல ஜாதி என்று சொன்னபோதும் சிரிக்கவில்லை. சின்ன டாக்டர் பிள்ளையின் குரல் கொஞ்சம் வேகமாக இருந்தது. பயத்தில் வேகமா, சந்தோசத்தில் வேகமா. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது என்று சொல்ல வருகிறவனும் வேகமாகத்தான் வருவான், மாப்பிள்ளை வண்டி வந்துவிட்டது என்று சொல்ல வருகிறவனும் வேகமாகத்தான் வருவான். இங்கிலீஷ் எனக்கு வராது என்று சொல்ல முடியாது, வரும், பாத்திரக் கடையில் எடுத்த பழைய சாமான் மாதிரி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கிறது. ஹெவி தெரியும், எக்ஸ்ட்ரா தெரியும், ஓவர் தெரியும், பல்க் தெரியும், கல்யாண வீட்டுக்காரர்கள் சொல்லிச் சொல்லித் தெரியும். ஆஸ்பத்திரி இங்கிலீஷ் வேறே. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே சொர்ணம்தான். சங்கரன்கோவிலிலிருந்து டயாலிசிஸுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு சொல்லுவாள், எப்பா, யூரியான்னா ரத்தத்துல தங்குத அழுக்கு, பொட்டாசியம்னா எளனியில இருக்கது, நமக்கு ஆவாது. நான் கேட்பேன், நீ எல்லாத்தையும் நமக்கு ஆவாதும்பே, எனக்கு ஆவும்லா என்று. சிரிப்பாள், முகம் ஊதிப்போய், கண் சின்னதாகி. எந்தச் சொல் கேட்டாலும் அர்த்தம் சொல்லுகிறவள் அவள்தான். செல்போன் கடையில் வேலை பார்த்தவள், வாயில் இங்கிலீஷ் தண்ணீராக ஓடும். இப்போது அவளைப் பற்றிச் சொன்ன சொல்லுக்கு நான் யாரிடம் போய் அர்த்தம் கேட்க. அவள் அந்தக் கோடியில் கண்ணாடி அறையில் கிடக்கிறாள், நான் இந்தக் கோடியில் வயிற்றில் குழாயோடு கிடக்கிறேன். எழுந்து போய்ப் பார்த்துவிட்டால் என்ன. முழங்கையை ஊன்றினேன், விலாவுக்குள் யாரோ கொதிக்கிற எண்ணெயில் கரண்டியை விட்டுக் கிளறின மாதிரி இருந்தது, கண் இருட்டியது. பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது: "ஓடுத வண்டியில எறங்காதீரும் வே."

அது சூசைமாணிக்கம். தூத்துக்குடிக்காரர், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர், தன் தம்பிக்குக் கிட்னி கொடுத்துவிட்டு எனக்கு முன்னாலேயே வந்து படுத்திருப்பவர். ஏதாவது கேட்டால் பஸ்ஸிலேயே நின்றுகொண்டு பதில் சொல்லுவார். முதலில் நான் நர்ஸம்மாவைத்தான் கேட்டேன். கையில் ஊசியை ஏற்றிக்கொண்டே, எல்லாம் நல்லா இருக்கு அப்பா, இருமாதீங்க, என்றது. இந்தப் பிள்ளை எல்லோரிடமும் இதைத்தான் சொல்லுகிறது, முந்தாநாள் அந்தக் கோடிக் கட்டிலில் ஒருத்தர் தன் பெண்சாதிக்கு என்ன ஆச்சு என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னது, சாயங்காலம் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தபோது அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அதனால் நர்ஸம்மா சொன்னது எனக்குப் பதிலாகவே படவில்லை. "அண்ணாச்சி, காப்பியஸ்னா என்ன?" என்று சூசையைக் கேட்டேன். "காப்பியா? உமக்கு இன்னும் கஞ்சித்தண்ணியவே கண்ணுல காட்டல, நீரு காப்பிக்குப் போயிட்டீரு." "வெளையாடாதீரும் அண்ணாச்சி. எம்மவளப் பத்தி டாக்டர் சொன்னாரு." அவ்வளவுதான், அவர் முகம் மாறிவிட்டது, தலையணைக்கு அடியில் கையை விட்டுச் செல்போனை எடுத்தார், கண்ணாடி எங்கேயோ இருக்கிறது, கையை நீட்டித் தூர வைத்துக்கொண்டு விரலால் குத்தினார், ஒவ்வொரு எழுத்துக்கும் வாயும் சேர்ந்து போனது. "ஏராளமான," என்றார். "மிகுதியான. அப்படிப் போட்டிருக்கான்." நான் விடவில்லை. "எது?" "எதுன்னா?" "எது ஏராளம் அண்ணாச்சி?" "அது எனக்கெப்படி வே தெரியும். இது வெறும் ஏராளம். பின்னால யாரு வந்து ஏறுதாவளோ அவியளுக்குத் தக்கன போவும். உதாரணம் போட்டிருக்கான், இரும். மழைக்குச் சொல்லலாமாம். கண்ணீருக்குச் சொல்லலாமாம். காப்பியஸ் ப்ளீடிங்" என்றவர் நிறுத்திவிட்டார். கட்டை விரல் செல்போன் மேலேயே நின்றது. "கீழ என்ன போட்டிருக்கான்?" "சார்ஜ் போயிட்டு வே." செல்போன் சார்ஜ் போகும்போது ஒரு சத்தம் போடும். சத்தம் வரவில்லை. காது எனக்கு ஒழுங்கு என்று அவருக்குத் தெரியாது.

ப்ளீடிங் எனக்குத் தெரியும். சொர்ணம் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவாகவே தெரிந்தது. ஒரு தடவை டயாலிசிஸ் முடிந்து வரும்போது பஸ்ஸிலேயே அவள் கையில் ஊசி போட்ட இடம் திறந்துகொண்டது, பச்சைத் தாவணி போட்டிருந்த ஒரு பிள்ளை தன் தாவணியைச் சுருட்டி வைத்து அமுக்கினது, அமுக்க அமுக்க ஊறிக்கொண்டே வந்தது, இவ்வளவு மெலிந்த கையில் இவ்வளவு எங்கே இருந்தது. ஏராளம். அன்றைக்கு அதுதான் ஏராளம். இப்போதும் அதுவாகத்தான் இருக்கும். நேற்று வைத்த இடத்தில் தையல் விட்டிருக்கும், உள்ளே ஊறிக்கொண்டிருக்கும், அதனால்தான் சிரிக்கவில்லை, அதனால்தான் சின்ன டாக்டர் பிள்ளை வேகமாகச் சொன்னது. அதனால்தான் கோமதியும் இன்னும் வரவில்லை. காலையில் போனவள், கண்ணாடி வழியாக மகளைப் பார்த்துவிட்டு உடனே வந்து சொல்லுகிறேன் என்று போனவள், என் பெண்சாதி, ஒரு காரியத்துக்குப் போனால் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த மாதிரி ஓடி வருகிறவள், ஜன்னலில் வெயில் சுவரை விட்டு இறங்கித் தரைக்கு வந்துவிட்டது, இன்னும் வரவில்லை. வந்து சொல்லும்படி ஒன்றும் இல்லாததால் வரவில்லை. அல்லது சொல்லும்படி ஏராளமாக இருப்பதால் வரவில்லை. பாரேன், சனியன் பிடித்த சொல், எங்கே போனாலும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஏராளம் எனக்குப் புதுச் சொல்லா. என் பிழைப்பே அதுதான். குண்டான் போதாது, அண்டா எடு, அண்டா போதாது, இரண்டு அண்டா எடு என்று சொல்லியே வயிறு வளர்த்தவன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மறுவீட்டு விருந்தின் தேங்காய்ப்பால் சொதி கடைசி இலை வரைக்கும் வந்து, அதற்குப் பிறகும் வாளியில் தளும்ப வேண்டும், தளும்பாவிட்டால் சம்பந்தி வீட்டார் ஊருக்குப் போய் என்ன சொல்லுவார்கள். பரிமாறுகிற பயல்கள் இலைக்கு இலை குனிந்து, வேணுமா, போதுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பது எனக்கு ஆகாது. மனுசன் கூச்சத்தில் போதும் என்றுதான் சொல்லுவான். உள்ளே இருந்தே சத்தம் போடுவேன், ஏலே, கேக்காம ஊத்துலே, என்று. கேட்காமல் ஊற்று. அதைச் சொல்லியே என்னைத் தெரியும், கேக்காம ஊத்து ஆவுடையப்பன் என்பார்கள். அதே அடுப்பங்கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு சாமான் காலியாகிவிட்டால் இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது, தீர்ந்தது என்றும் சொல்லக் கூடாது, நல்ல காரியம் நடக்கிற வீடு. நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அரிசி நிறைஞ்சிருக்கு அண்ணாச்சி என்று ஒருத்தன் வந்து நின்றால், சாக்கை உதறியாகிவிட்டது, கடைக்கு ஆள் அனுப்பு என்று அர்த்தம். இத்தனை நாளும் இதை நினைத்துப் பார்த்ததில்லை, இப்போது விலாவின் ஓட்டை வழியாக நினைப்பு உள்ளே வருகிறது. டாக்டர்மாரும் அப்படி ஒரு வழக்கம் வைத்திருந்தால். அவர்களுக்கும் ஆஸ்பத்திரி நல்ல காரியம் நடக்கிற வீடுதானே. வாசலுக்கு உள்ளே அப்பன்காரன் கிடக்கிறான், தூங்குகிறானோ முழித்திருக்கிறானோ, எதற்கு வாயால் இல்லை என்று சொல்லுவானேன், ஏராளம் என்று வை. காப்பியஸ் சார். கடைக்கு ஆள் அனுப்பு. ஆனால் இதற்கு எந்தக் கடையில் போய் நிற்பது. இருந்ததே இரண்டு, ஒன்றைக் கொடுத்தாயிற்று, இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் எடுக்க மாட்டார்கள், சட்டம் இருக்கிறதாம். எடுத்தால் என்ன. நான் எதற்கு. சொதி வைக்க ஊரில் ஆளா இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் என் மூத்திரப் பை தொங்குகிறது. குழாய் வழியாக மஞ்சளாக இறங்குகிறது, சொட்டு, நிற்கிறது, சொட்டு. மிச்சம் இருக்கிற ஒற்றை ஆள் என்னமாய் வேலை பார்க்கிறான், கூடப் பிறந்தவன் வேறு வீட்டுக்குப் போய்விட்டான் என்று தெரியுமா இவனுக்கு. போனவன் அந்த வீட்டில் கை கட்டி நிற்கிறானோ என்னமோ. வெட்கப்படுகிறவனோ என்னமோ, என்னைப் போல. அடே, கூச்சப்படாதே, உன் வீடுதான் அது, அவள் என் பிள்ளைதான், பார்த்தால் தெரியவில்லையா, மூக்கைப் பார். சொர்ணத்துக்கு இது நின்றுபோய் வருசக்கணக்காயிற்று. முதலில் குறைந்தது, பிறகு ஒருநாள் வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னிடமும் வந்து, கூச்சமே இல்லாமல், நோயாளிக்கு ஏது கூச்சம், எப்பா, எனக்கு ஒண்ணுக்கு வாரதே இல்லப்பா என்றாள். அன்றிலிருந்து தண்ணீருக்கு அளவு. உள்ளே போகிறது வெளியே வர வழியில்லை, நெஞ்சில் போய் நிற்கும் என்றார்கள். கல்யாணத்துக்குப் பாயசம் பிடிக்கிற சின்ன டம்ளர் இருக்கிறதே, அதை நானே எடுத்து வந்து வீட்டில் வைத்தேன், இதால்தான் உனக்கு, காலையில் இது, மதியம் இது, ராத்திரி மாத்திரைக்கு இதில் பாதி. காய்கறியைக் கோமதி வேக வைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சக்கையைப் போடுவாள், அந்த வடிதண்ணீர் சாக்கடையில் போவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கரைந்துபோகாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சித்திரை வெயிலில் ஒரு நாள் டம்ளரை நீட்டி, எப்பா, இன்னும் ஒரு மடக்கு, ஒரே ஒரு மடக்கு என்றது. போதும்மா என்றேன். ஊருக்கெல்லாம் கேக்காம ஊத்து என்று சத்தம் போடுகிற வாய்தான், போதும்மா என்றது. அழவில்லை அது. நாக்கால் டம்ளரின் விளிம்பைத் துடைத்துவிட்டு, சரிப்பா என்று கவிழ்த்து வைத்தது. பிறகு அதுவே பழகிவிட்டது, அம்மா கொடுத்தாலும் வாங்காது, நான் கண்ணால் சரி என்று சொன்னால்தான் குடிக்கும். நான் வெளியூர்ச் சமையலுக்குப் போயிருந்தால் போன் பண்ணிக் கேட்கும், எப்பா, குடிச்சுக்கிடட்டா. அண்டாக்கள் கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே நான் காதைப் பொத்திக்கொண்டு, பாதி குடிச்சுக்கோ என்பேன்.

மழைக்குச் சொல்லலாமாம், கண்ணீருக்குச் சொல்லலாமாம். மழை கண்ணாடி அறைக்குள் பெய்யாது. கண்ணீர் என்றால் கோமதியுடையது. ஒன்று ஒன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது சூசை வாயில் நின்றுபோன அதுதான். வெயில் தரையில் என் செருப்பைத் தொட்டுவிட்டது. நான் அவரைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எந்தம்பிக்கும் மொத நாளு என்னமெல்லாமோ சொன்னானுவ வே, இப்ப இட்லி கேக்கான்," என்றார். கேட்காமலே சொன்னார். கேட்காமல் சொல்லுகிறவர் ஆறுதலாகத்தான் சொல்லுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்போது வராந்தாவில் செருப்பில்லாத காலின் சத்தம். ஆயிரம் பேர் நடந்தாலும் கோமதியின் காலை எனக்குத் தெரியும், இடது கால் கொஞ்சம் இழுக்கும், கொதிதண்ணீர் கொட்டின கால். ஓடி வரவில்லை. நடந்து வருகிறாள். பால் அடுப்பில் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டால் அவள் வந்து சேராமல் இருப்பாள் என்பது போல, வராந்தா நீண்டுகொண்டே போகும் என்பது போல. போகட்டும். வராமலே இருக்கட்டும். எனக்கு அர்த்தம் வேண்டாம். ஏராளமான என்பதோடு நிற்கட்டும், பின்னால் யாரும் ஏற வேண்டாம், வண்டி இப்படியே காலியாக நிற்கட்டும்.

"முழிச்சுத்தான இருக்கிய?" என்றாள். பச்சை அங்கி, தலையில் துணித் தொப்பி, மூக்குத்துணி கழுத்தில் கிடக்கிறது. முகத்தை வைத்து ஒன்றும் பிடிபடவில்லை, அழுத தடம் இருக்கிறது, அது எப்போது அழுததோ. அவள் உட்காரவில்லை, நின்றபடியே, "ஒண்ணு ஒங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னா," என்றாள். "யாரு?" "யாரா? ஒங்க மவதான்." மகள் சொன்னாள் என்றால் மகள் பேசுகிறாள், அதைக்கூட நான் மெல்லத்தான் பிடித்தேன். "என்ன சொல்லுதா?" "என்னத்தச் சொல்ல. அந்த நர்ஸுப் பிள்ளைக்கு உக்கார நேரமில்ல. பை நெறைய நெறைய அளந்து ஊத்துது, ஊத்திட்டுத் திரும்புததுக்குள்ள மறுபடி நெறையுது. ஒண்ணுக்குங்க. நம்ம சொர்ணத்துக்கு. தண்ணி கணக்காப் போவுது. நேத்து வச்ச ஒடனேயே ஆரம்பிச்சிட்டாம், அந்தச் சின்ன டாக்டரம்மா என் கையப் பிடிச்சுச் சொல்லுது. இன்னும் நாளு போவணும், அவசரப்படக் கூடாதுங்கா. ஆனா போற அளவுக்கு உள்ள போவணுமாம், குடி குடின்னு எல்லாரும் சொல்லுதாவ. பெரிய டம்ளர் நெறையக் கொண்டாந்து வாயில வச்சாச்சு. இவ குடிக்க மாட்டேங்கா. வாய மூடிக்கிட்டா. கையெடுத்துக் கும்பிடுதேன் குடிம்மாங்கேன், எப்பாட்டக் கேட்டுட்டு வாங்கம்மாங்கா. நர்ஸுப் பிள்ள சிரிக்குது. நீங்க சரின்னு சொல்லணுமாம். எம்புட்டு குடிக்கலாம்னு கேட்டுட்டு வரச் சொன்னா." சூசை எழ முடியாதவர், கட்டிலில் அப்படியே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் அசைந்தது, தையல் வலிக்கும் வே என்று சொல்ல நினைத்தேன். அடுப்பங்கரையில் நின்று நாலு தெருவுக்குப் போடுகிற சத்தம் எனக்கு, இப்போது தொண்டைக்குள் வெறும் காற்றுதான் இருந்தது. கோமதி குனிந்து காதை என் வாயருகே கொண்டு வந்தாள். எம்புட்டு, என்று மறுபடி கேட்டாள்.

"கேக்காம ஊத்தச் சொல்லு."